ஹிஸ்பானிக் மக்களை ஓட்டு போட வைக்கிறது பத்தி எங்கிட்ட திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விங்க

நான் ஹூஸ்டன்ல இருக்கேன். சிட்டிசன் ஆகி உறுதிமொழி எடுத்துட்டு வெளிய வந்தப்போ வாசல்லயே மேஜை போட்டு உக்காந்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டி "இந்தா, முதல் வேலையா இதை எழுது"ன்னு வோட்டர் ஃபார்மை நீட்டினாங்க, அடுத்த வருஷம் நானே அந்த மேஜைக்கு அந்தப் பக்கம் போய் உக்காந்துட்டேன். எங்க டீம் போறது பெரும்பாலும் கல்ஃப்டன், ஈஸ்ட் எண்ட், பசடீனா பக்கம், ஹிஸ்பானிக் குடும்பங்க நிறைய இருக்கற ஏரியா. நம்ம வாட்ஸ்அப் குரூப்ல, பாட்லக்ல, புதுசா வர்ற வால்ண்டியருங்க கார்ல ஏறினதும்னு எல்லாரும் கேக்குறது ஒரே கேள்விங்கதான், வாய் வலிக்குது, அதான் எழுதி வச்சுட்டேன். சட்டம்னு நான் சொல்றதெல்லாம் வேற மாதிரி சொல்லாத வரைக்கும் டெக்ஸஸ் சட்டம், உங்க ஸ்டேட்ல மாறும்.

அக்கா, முதல்ல ஹிஸ்பானிக்னா யாரு? லத்தீனோன்னும் சொல்றாங்களே, ரெண்டும் ஒண்ணா?

ஹிஸ்பானிக்னா ஸ்பானிஷ் பேசற நாடுகள்ல வேர் உள்ளவங்க, லத்தீனோன்னா லத்தீன் அமெரிக்காவுல வேர் உள்ளவங்க. அதனால பிரேசில்காரர் லத்தீனோ, ஆனா ஹிஸ்பானிக் இல்ல, ஸ்பெயின்காரர் ஹிஸ்பானிக், ஆனா லத்தீனோ இல்ல. நடைமுறையில ரெண்டையும் மாத்தி மாத்திதான் சொல்லுவாங்க. நீங்க நேர்ல பாக்கறவங்க ரெண்டையும் சொல்ல மாட்டாங்க, "நான் மெக்சிகன்", "நான் சால்வடோர்", "நான் டெஹானோ"ன்னுதான் சொல்லுவாங்க. டெஹானோன்னா டெக்ஸஸ் மெக்சிகோ கையில இருந்த காலத்துலேர்ந்தே இங்க இருக்கற குடும்பம். அவங்கிட்டப் போய் "எப்ப அமெரிக்கா வந்தீங்க"ன்னு கேட்டுடாதீங்க, நான் கேட்டு வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

2020 சென்சஸ்ல இவங்க 6 கோடியே 20 லட்சம் பேர், நாட்டுல கிட்டத்தட்ட 19%. அதுல பெரும்பகுதி மெக்சிகோ வம்சாவளி. புளோரிடால கியூபாக்காரங்க, நியூயார்க்லயும் ஆர்லாண்டோ பக்கமும் புவேர்ட்டோ ரிக்கோக்காரங்க (அமெரிக்கா வசம் இருக்கற கரீபியன் தீவு அது), ஒவ்வொரு ஊர்லயும் கதை வேற.

இவங்கள்ல பாதிப் பேர் பேப்பர் இல்லாதவங்கதானே (சட்டப்படி இங்க தங்க அனுமதி இல்லாதவங்க), ஓட்டே கிடையாதே, அப்புறம் யாரை கூப்பிடுறீங்க?

இல்லங்க. அஞ்சு பேர்ல நாலு பேர் அமெரிக்க சிட்டிசன், அதுலயும் நிறைய பேர் இங்கயே பொறந்தவங்க. 2024 எலெக்‌ஷன் அப்போ ஓட்டுரிமை உள்ள ஹிஸ்பானிக் மக்கள் 3 கோடியே 60 லட்சம் இருப்பாங்கன்னு பியூ ரிசர்ச்ங்கற ஆய்வு நிறுவனம் கணக்கு போட்டாங்க. டெக்ஸஸ்ல மட்டும் 65 லட்சம், அதாவது இந்த ஸ்டேட்ல ஓட்டு போடத் தகுதி உள்ள மூணு பேர்ல ஒருத்தர். நியூ மெக்சிகோல பாதிக்குக் கொஞ்சம் கம்மி.

சரி, நிஜமாவே ஓட்டு கம்மியாத்தான் போடுறாங்களா, இல்ல சும்மா ஒரு பேச்சா?

கம்மிதான், மறைக்க ஒண்ணும் இல்ல. 2020 பிரசிடெண்ட் எலெக்‌ஷன்ல வயசு வந்த சிட்டிசன்கள்ல வெள்ளைக்காரங்க 70.9% போட்டாங்க, ஹிஸ்பானிக் 53.7%. அதுவே அவங்களுக்குப் பெரிய ஏத்தம், 2016-ல 47.6% தான். ரெண்டு பிரசிடெண்ட் எலெக்‌ஷனுக்கு நடுவுல வர்ற மிட்டெர்ம் எலெக்‌ஷன் இன்னும் மோசம், 2014-ல வெறும் 27%, அதாவது நாலு பேர்ல மூணு பேர் வீட்லயே இருந்துட்டாங்க. அதுவே 2018-ல 40% தாண்டிடுச்சு, நாலே வருஷத்துல. 2024-ல மறுபடி கொஞ்சம் இறங்கிடுச்சு. ஏத்த முடியும்னும் தெரியுது, தானா நிக்காதுன்னும் தெரியுது.

அப்போ அவங்களுக்கு அக்கறை இல்லன்னுதானே அர்த்தம்? எங்க ஆபீஸ்ல இருக்கவங்களே "எதுக்கு போடணும்"னு கேக்கறாங்க

இதைத்தான் எல்லாரும் முதல்ல நினைக்கறாங்க, நானும் நினைச்சேன். ஆனா அதே 2020 கணக்கை இன்னொரு விதமா பாருங்க. ஹிஸ்பானிக் சிட்டிசன்கள்ல வோட்டர் லிஸ்ட்ல பேர் இருந்தவங்க 61% சொச்சம்தான். ஆனா பேர் இருந்தவங்கள்ல பத்துக்கு கிட்டத்தட்ட ஒன்பது பேர் போய் போட்டுட்டாங்க. வெள்ளைக்காரங்க மத்தியில பேர் இருந்தவங்கள்ல பத்துக்கு ஒன்பதுக்கு மேல, அவ்ளோதான், பெரிய வித்தியாசம் இல்ல. குறை எங்க இருக்குன்னா பேர் சேக்கறதுல இருக்கு, பூத்துக்குப் போறதுல இல்ல.

இன்னொண்ணு வயசு. இந்த சமூகம் ரொம்ப இளசு, ஓட்டுரிமை உள்ளவங்கள்ல மூணுல ஒருத்தர் கிட்டத்தட்ட 30 வயசுக்குக் கீழ. எந்த இனமா இருந்தாலும் 19 வயசுப் பசங்க கம்மியாத்தான் போடுவாங்க. அப்பா அம்மா சிட்டிசன் இல்லன்னா வீட்ல ஓட்டு போட்டுப் பாத்த பழக்கமே இருக்காது, எந்த வாசல் வழியா உள்ள போகணும்னு சொல்லித்தர ஆள் இல்ல.

புவேர்ட்டோ ரிக்கோவை எடுத்துக்கோங்க. 1980-கள்ல அந்தத் தீவுல 80 சதவீதத்துக்கு மேல ஓட்டு விழுந்துச்சு, எலெக்‌ஷன் நாள் அங்க லீவு, திருவிழா மாதிரி வண்டியில கொடி கட்டிட்டுப் போவாங்க. அதே ஆளு ஃபிளைட் ஏறி ஆர்லாண்டோ வந்து இறங்கினா ஓட்டு சதவீதம் சரிஞ்சுடுது. ஆளு மாறல, அக்கறையும் ஃபிளைட்ல தொலைஞ்சு போகல, ஊரோட ஏற்பாடுதான் மாறிப் போச்சு.

பேர் சேக்கறதுல அப்படி என்ன கஷ்டம், ஆன்லைன்ல ரெண்டு நிமிஷ வேலைதானே?

கலிபோர்னியால ரெண்டு நிமிஷம். டெக்ஸஸ்ல ஆன்லைன்ல புதுசா பேர் சேக்க முடியாது, லைசென்ஸ் ரினியூ பண்ணும்போது மட்டும் அதோட சேத்துப் பண்ணிக்கலாம். மத்தபடி பேப்பர் ஃபார்ம், பேனா, கையெழுத்து, போஸ்ட். எலெக்‌ஷனுக்கு 30 நாள் முன்னாடியே முடிச்சிருக்கணும். 2024-ல நவம்பர் 5 எலெக்‌ஷனுக்கு அக்டோபர் 7 கடைசி நாள். டிவில விளம்பரம் சூடு பிடிக்கறதே அக்டோபர் நடுவுலதான், அப்போதான் நிறைய பேருக்கு ஆசையே வரும், வந்து கேக்கும்போது "லேட்டுங்க"ன்னு சொல்றது மாதிரி ஒரு கொடுமை வேற இல்ல. நெவாடாவுலயும் கலிபோர்னியாலயும் எலெக்‌ஷன் அன்னிக்கே பேர் சேத்து அன்னிக்கே போடலாம்.

பேப்பர் ஃபார்மை மத்தவங்ககிட்டேர்ந்து நாம வாங்கணும்னா அதுக்கு வால்ண்டியர் டெப்யூட்டி ரெஜிஸ்ட்ரார்னு கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) நம்மள நியமிக்கணும். அது ஒரு கவுண்டிக்குத்தான் செல்லும், பக்கத்து கவுண்டிக்குப் போனா அங்க தனியா வாங்கணும், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை டிசம்பர் 31 அன்னிக்குக் காலாவதி ஆயிடும். வாங்கின ஃபார்முக்கு ரசீது குடுக்கணும், 5 நாளுக்குள்ள ஆபீஸ்ல சேக்கணும், சேக்கலன்னா அது குற்றம். என் கார்ல ஃபார்ம் வைக்கற டப்பா ஒண்ணு இருக்கு, வீட்டுக்காரர் அதைத் தொடவே பயப்படுவார்.

கிரீன் கார்டு இருந்தா லோக்கல் எலெக்‌ஷன்லயாவது போடலாம்ல? பேரை மட்டும் சேத்து வச்சா என்ன தப்பு?

கூடவே கூடாது. இந்த ஒண்ணுல நான் யாருக்கும் சலுகை குடுக்கறதில்ல. சிட்டிசன் இல்லாதவங்க டெக்ஸஸ்ல எந்த எலெக்‌ஷன்லயும் போட முடியாது. சிட்டிசன்னு பொய்யா டிக் அடிச்சாலே, அது தெரியாம பண்ணினதா இருந்தாலும், கிரீன் கார்டு போகலாம், நாடு கடத்தலாம். மேஜைல நாலு பேர் நிக்கறாங்க, அவசரத்துல ஒருத்தர் டிக் அடிச்சுட்டுப் போயிட்டா அவர் குடும்பமே மாட்டிக்கும். அதனால ஃபார்மோட மேல இருக்கற சிட்டிசன் கேள்வியை நான் ஸ்பானிஷ்லயும் இங்கிலீஷ்லயும் வாய்விட்டுப் படிச்சுக் காட்டுவேன், அவங்க கையாலதான் டிக் அடிக்கணும். "ரெசிடெண்ட்"னு யாராவது பதில் சொன்னா ஃபார்மைத் திருப்பி வச்சுட்டு சிட்டிசன்ஷிப் கிளாஸ் நோட்டீஸைக் குடுப்பேன். கிரீன் கார்டு வாங்கி 5 வருஷம், சிட்டிசனைக் கட்டிக்கிட்டவங்களுக்கு 3 வருஷம், அப்புறம் அப்ளை பண்ணலாம்.

இதுவும் ஓட்டு வேலைதான். 1994-ல கலிபோர்னியால பேப்பர் இல்லாதவங்களுக்குப் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாத்தையும் நிறுத்தணும்னு 187-ன்னு ஒரு தீர்மானம் கொண்டு வந்தாங்க, ஜெயிச்சுது, கோர்ட் நிறுத்தி வச்சுது. ஆனா அந்த பயத்துலயும் கோவத்துலயும் அதுவரைக்கும் கிரீன் கார்டோட சும்மா இருந்தவங்க கும்பல் கும்பலா சிட்டிசன் ஆனாங்க, அந்த ஸ்டேட் அரசியலே மாறிப் போச்சு.

சிட்டிசன் ஆகணும்னா இங்கிலீஷ் டெஸ்ட் இருக்கே, பாஸ் பண்ணவங்களுக்கு எதுக்கு ஸ்பானிஷ்ல பேலட் (ஓட்டுச்சீட்டு)?

நல்ல கேள்வி, நம்ம ஆளுங்கதான் இதை அதிகமா கேப்பாங்க. மூணு விஷயம் சொல்றேன். 50 வயசு தாண்டி 20 வருஷம் கிரீன் கார்டுல இருந்தவங்களுக்கும், 55 வயசு தாண்டி 15 வருஷம் இருந்தவங்களுக்கும் இங்கிலீஷ் டெஸ்ட்லேர்ந்து விலக்கு உண்டு, அவங்க மொழியிலயே பேட்டி குடுக்கலாம். உங்க மாமியாருக்கும் இது பொருந்தும், போய்ப் பாருங்க. அடுத்தது, புவேர்ட்டோ ரிக்கோக்காரங்க 1917-லேர்ந்தே அமெரிக்க சிட்டிசன், அவங்களுக்கு டெஸ்ட்டே கிடையாது, பள்ளிக்கூடமே ஸ்பானிஷ்லதான். அப்புறம், கடையில சாமான் வாங்கற இங்கிலீஷ் வேற, "பத்திரம் வெளியிட்டு நிதி திரட்ட மாவட்டத்துக்கு அதிகாரம் வழங்கலாமா"ன்னு கேக்கற பேலட் இங்கிலீஷ் வேற, அது எனக்கே ரெண்டு தடவை படிச்சாத்தான் புரியும்.

1975-ல வோட்டிங் ரைட்ஸ் சட்டத்துல இதைச் சேத்தாங்க. ஒரு மொழிக்காரங்க ஒரு கவுண்டில 10,000 பேரோ 5 சதவீதமோ தாண்டினா, அவங்களுக்கு இங்கிலீஷ் சரியா வராதுன்னா, அந்த மொழியில பேலட் குடுக்கணும். டெக்ஸஸ், கலிபோர்னியா, புளோரிடா மூணும் ஸ்டேட் அளவுலயே ஸ்பானிஷுக்கு இதுல வருது. எங்க ஹாரிஸ் கவுண்டில இங்கிலீஷ், ஸ்பானிஷ், வியட்நாமீஸ், சைனீஸ்னு நாலு மொழி. படிக்க முடியாதவங்க தங்களோட ஒரு ஆளை உள்ள கூட்டிட்டுப் போகலாம், முதலாளியும் யூனியன் ஆளும் மட்டும் வரக்கூடாது.

மொழிபெயர்ப்பு இருந்தா மட்டும் போதாது, யாராவது படிச்சுப் பாக்கணும். 2012-ல அரிசோனாவோட மாரிகோபா கவுண்டில ஸ்பானிஷ் காகிதத்துல மட்டும் எலெக்‌ஷன் தேதி நவம்பர் 8-ன்னு அச்சாயிடுச்சு. எலெக்‌ஷன் 6-ந் தேதி.

இந்த வேலையை யாரு ஆரம்பிச்சது? இப்ப ஒரு பத்து வருஷமாத்தானே கேள்விப்படறோம்?

ரொம்பப் பழசுங்க. டெக்ஸஸ்ல 1902-லேர்ந்து 1966 வரைக்கும் ஓட்டு போடணும்னா வரி கட்டணும், ஒன்றே முக்கால் டாலர் வரைக்கும். பருத்தி எடுக்கற குடும்பத்துக்கு அது பெரிய காசு, அதுவும் எலெக்‌ஷனுக்கு மாசக்கணக்குல முன்னாடியே கட்டணும். தாத்தா ஓட்டு போடல, அதனால அப்பா போடல, அதனால நானும் போடலன்னு ஒரு குடும்பம் சொன்னா அதுல முதல் கண்ணி இந்த வரிதான். நான் மேலே சொன்ன பழக்கம் இல்லாததுக்கு இதுவும் ஒரு காரணம்.

சீசர் சாவேஸ்னா விவசாயத் தொழிலாளர் தலைவர்னுதான் எல்லாருக்கும் தெரியும். 1952-ல கலிபோர்னியாவோட சான் ஹோசேல அவர் பொதுவேலைக்கு வந்ததே வீடு வீடாப் போய் வோட்டர் பேர் சேக்கத்தான். டெக்ஸஸ்ல சொல்லணும்னா வில்லி வெலாஸ்கெஸ். சான் அன்டோனியோக்காரர், கசாப்புக்கடைத் தொழிலாளியோட பையன், 1974-ல சவுத்வெஸ்ட் வோட்டர் ரெஜிஸ்ட்ரேஷன் எஜுகேஷன் ப்ராஜெக்ட்னு ஆரம்பிச்சாரு. "சு வோட்டோ எஸ் சு வோஸ்", உங்க ஓட்டுதான் உங்க குரல், இது அவர் பரப்பின கோஷம். நான் இவர்கிட்டேர்ந்து கத்துக்கிட்டது ஒண்ணு, பெரிய கொள்கை பேசாம அந்தத் தெரு பிரச்சனையைப் பேசணும். அந்தக் காலத்துல சான் அன்டோனியோ மேற்குப் பக்கம் மழை பேஞ்சா வீட்டுக்குள்ள தண்ணி, வடிகால் கிடையாது. 1981-ல ஹிஸ்பானிக் சமூகத்துலேர்ந்தே ஹென்றி சிஸ்னேரோஸ் அங்க மேயர் ஆனாரு. வெலாஸ்கெஸ் 1988-ல 44 வயசுலயே கேன்சர்ல போயிட்டாரு.

எனக்கு ஓலா, கிராசியாஸ் தவிர ஸ்பானிஷ் தெரியாதே, நான் வந்து என்ன பண்ணப் போறேன்?

வாங்க. நாம தேடறது பெரும்பாலும் சின்னப் பசங்களை, அவங்க நம்மள விட நல்லா இங்கிலீஷ் பேசுவாங்க. ஸ்பானிஷ் தெரியாத ஹிஸ்பானிக் பசங்க எத்தனையோ பேர், அவங்கிட்டப் போய் ஸ்பானிஷ்ல ஆரம்பிச்சா சங்கடப்படுவாங்க. நம்ம பசங்ககிட்ட சொந்தக்காரங்க "தமிழ்ல சொல்லு கண்ணா"ன்னு படுத்தற மாதிரிதான். ஜோடி ஜோடியாத்தான் அனுப்புவோம், ஒருத்தருக்கு ஸ்பானிஷ் தெரிஞ்சிருக்கும்.

நான் ஹெச்1பி வேலை விசால இருக்கேன், நானும் கலந்துக்கலாமா, விசாவுக்குப் பிரச்சனை வருமா?

ஃபார்ம் வாங்கற டெப்யூட்டி வேலை உங்களால முடியாது, அதுக்கு ஓட்டுரிமைக்கான தகுதி வேணும், சிட்டிசனா இருக்கணும். மத்தபடி சம்பளம் வாங்காம வால்ண்டியரா கதவு தட்டலாம், மேஜை தூக்கலாம், சமோசா போடலாம். கேண்டிடேட்டுக்கோ கட்சிக்கோ காசு மட்டும் குடுக்கக்கூடாது, அது வெளிநாட்டவருக்குத் தடை. கிரீன் கார்டு வந்துட்டா காசும் குடுக்கலாம்.

வீடு வீடா அலையறது எந்தக் காலம்? டெக்ஸ்ட் அனுப்பினா போதாதா?

டெக்ஸ்ட் மலிவு, அதனால எல்லாரும் அனுப்பறாங்க, அதனால யாரும் படிக்கறதில்ல. 1998-ல கனெக்டிகட்ல நியூ ஹேவன் ஊர்ல ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன்னு ரெண்டு யேல் பேராசிரியர்கள் மருந்து சோதிக்கற மாதிரியே இதைச் சோதிச்சாங்க. சிலருக்கு நேர்ல, சிலருக்கு போன், சிலருக்கு லெட்டர், சிலருக்கு ஒண்ணுமே இல்ல. நேர்ல பேசினவங்க மத்தியில ஓட்டு எட்டு ஒன்பது புள்ளி ஏறுச்சு, லெட்டருக்குக் கொஞ்சூண்டு, போனுக்கு ஒண்ணுமே இல்ல. அப்புறம் மெலிசா மைக்கேல்சன் கலிபோர்னியாவுல டாஸ் பாலோஸ்னு ஒரு விவசாய ஊர்ல 2001 லோக்கல் எலெக்‌ஷன்ல லத்தீனோ வோட்டர்களை வச்சே பாத்தாங்க, அங்கயும் கதவு தட்டினது வேலை செஞ்சுது.

ஆனா கட்சிக்காரங்க இவங்க கதவைத் தட்டறதில்ல. ஏன்னா அவங்க கையில இருக்கற லிஸ்ட்ல யார் போன தடவை ஓட்டு போட்டாங்களோ அவங்க பேர்தான் மேல வரும். போடாதவன் வீட்டுக்குப் போறது நேர விரயம்னு நினைப்பாங்க. போகாததால அவன் போட மாட்டான், போடாததால அடுத்த தடவையும் போக மாட்டாங்க. கதவைத் தட்டினா "இந்த வீட்டுக்கு இதுக்காக வந்த முதல் ஆளு நீங்கதான்"னு நாற்பது வயசுக்காரர் சொல்றதை நான் எத்தனை தடவை கேட்டிருக்கேன் தெரியுமா.

நல்லா செய்யறவங்கன்னா லாஸ் வேகாஸ் ஓட்டல் தொழிலாளர் யூனியன், கலினரி 226. உறுப்பினர்ல பாதிக்கு மேல லத்தீனோ. பெட்ஷீட் மாத்தற அம்மா, சமையல்கட்டுல நிக்கற தம்பின்னு எலெக்‌ஷன் சமயத்துல வேலைக்கு லீவு போட்டுட்டுக் கதவு தட்ட இறங்குவாங்க, அந்த லீவு அவங்க வேலை ஒப்பந்தத்துலயே இருக்கு. அந்த நெவாடா ஸ்டேட்லேர்ந்துதான் 2016-ல நாட்டோட முதல் லத்தீனா செனட்டர் கேத்தரின் கோர்டெஸ் மாஸ்டோ வந்தாங்க.

கதவு திறந்தா என்ன பேசணும்? எனக்கு நாக்கு ஒட்டிக்கும்

ஜனநாயகம், கடமை எல்லாம் பேசாதீங்க, பேசினா கதவு மூடிடும். போன செப்டம்பர்ல கல்ஃப்டன்ல ஒரு அபார்ட்மெண்ட், ரெண்டாவது மாடி, ஒரு பாட்டி கதவைப் பாதி திறந்தாங்க, உள்ள பீன்ஸ் கொதிக்கற வாசனை. அவங்களுக்கு ஓட்டு இல்ல. நான் நன்றி சொல்லிட்டுத் திரும்பறேன், பின்னாடி சோஃபால போன் பாத்துட்டிருந்த பேத்தி, டோனட் கடை யூனிஃபார்ம்லயே இருந்துது, "எனக்கு 18 ஆயிடுச்சு, எனக்கு உண்டா?"ன்னு கேட்டுச்சு. இங்கயே பொறந்த பொண்ணு. ஸ்கூல்ல யாரும் குடுக்கலயான்னு கேட்டேன், இல்லைன்னுது. டெக்ஸஸ் சட்டப்படி ஹைஸ்கூல் பிரின்சிபால் வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது தகுதி உள்ள பசங்களுக்கு ஃபார்ம் குடுக்கணும், 17 வயசு 10 மாசத்துலயே பேர் சேக்கலாம். எத்தனை ஸ்கூல் செய்யுதுங்கறது வேற கதை.

படிக்கட்டு கைப்பிடில வச்சு ஃபார்ம் எழுதினோம். அப்புறம் நான் கேட்டது மூணே கேள்வி: எந்த நாள் போவ, எத்தனை மணிக்கு, எப்படிப் போவ? "போவியா?"ன்னு கேட்டா எல்லாரும் தலையாட்டுவாங்க. நாள், நேரம், வண்டின்னு கேட்டா மனசுக்குள்ள ஒரு தடவை போய்ட்டு வந்துடுவாங்க. இதையும் 2008-ல பென்சில்வேனியால சோதிச்சுப் பாத்திருக்காங்க, வீட்ல ஒரே ஒரு வோட்டர் இருக்கறவங்களுக்கு நல்லாவே வேலை செஞ்சுது. அந்தப் பொண்ணுக்கு வியாழக்கிழமை ஷிஃப்ட் இல்ல, அத்தை கார்ல கூட்டிட்டுப் போவாங்கன்னு முடிவாச்சு. பாட்டி நாங்க பேசறது புரியாமலே ரெண்டு இனிப்பு ரொட்டியை டிஷ்யூல சுத்திக் குடுத்தாங்க.

சாப்பாடு, டி-ஷர்ட் ஏதாவது குடுத்தா நிறைய பேர் வருவாங்களே?

நம்ம ஊர் ஞாபகத்துல கேக்கறீங்கன்னு தெரியுது. ஃபெடரல் எலெக்‌ஷன்ல "ஓட்டு போட்டா இது" "பேர் சேத்தா இது"ன்னு எது குடுத்தாலும் குற்றம், அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு. ஓட்டு போட்டேன்னு ஸ்டிக்கர் காட்டினா டோனட் ஃப்ரீன்னு கடை போடற போர்டு கூட எழுத்துப்படி பாத்தா தப்புதான். பூத்துக்கு வண்டி ஏத்திட்டுப் போகலாம். மேஜைல தண்ணி பாட்டில் வச்சு வர்ற போற எல்லாருக்கும் குடுக்கலாம், எழுதினாலும் எழுதலன்னாலும். பேர் சேக்கற ஆளுக்கும் ஃபார்முக்கு இவ்ளோன்னு கூலி குடுக்க டெக்ஸஸ்ல தடை.

ஐடில ஒரு பேர், லிஸ்ட்ல ஒரு பேர் இருக்குன்னு பயந்து திரும்பிப் போயிட்டாங்க, என்ன பண்றது?

இது நமக்குத்தான் நல்லா புரியும், இனிஷியலை எங்க போடறதுன்னு வாழ்க்கை பூரா அல்லாடறவங்க நாம. அவங்களுக்கு அப்பா பக்கம் ஒண்ணு, அம்மா பக்கம் ஒண்ணுன்னு ரெண்டு குடும்பப் பேர். லைசென்ஸ்ல ரெண்டும் இருக்கும், லிஸ்ட்ல ஒண்ணு இருக்கும், இல்ல முதல் குடும்பப் பேரை நடுப்பேர்னு ஏத்தியிருப்பாங்க. பேர் கிட்டத்தட்ட ஒத்துப் போனா போதும்னு சட்டமே சொல்லுது, நான்தான் அந்த ஆளுன்னு ஒரு பெட்டியில கையெழுத்து போட்டுட்டு சாதாரணமா ஓட்டு போடலாம். போட்டோ ஐடியே எடுக்க முடியாத சூழ்நிலைன்னா அதுக்கும் ஒரு உறுதிமொழிப் படிவம் இருக்கு, கரண்ட் பில் மாதிரி ஏதாவது காட்டணும். திரும்பிப் போகாதீங்க, கேளுங்கன்னு சொல்லி அனுப்புங்க.

இன்னொரு தொல்லை "சஸ்பென்ஸ்" லிஸ்ட். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கவுண்டி எல்லாருக்கும் கார்டு அனுப்பும், வாடகை வீடு மாறினவங்களுக்கு அது திரும்பிப் போயிடும், உடனே பேர் சஸ்பென்ஸ். பேர் போச்சுன்னு நினைப்பாங்க, போகல. அதே கவுண்டிக்குள்ள இருந்தா பூத்லயே அட்ரஸ் படிவம் எழுதிக் குடுத்துட்டுப் போடலாம்.

வேலை நாள்ல எலெக்‌ஷன் வச்சா கட்டட வேலைக்குப் போறவங்க எப்படி வருவாங்க?

ரெண்டு வாரம் முன்னாடியே ஆரம்பிக்கற ஏர்லி வோட்டிங்கை நம்புங்க, அதுல வார இறுதி வரும், ஹாரிஸ் கவுண்டில எந்த பூத்லயும் போடலாம். வேலைக்கு வெளிய தொடர்ந்து ரெண்டு மணி நேரம் பூத் திறந்திருக்கலன்னா முதலாளி ஓட்டுக்கு விடணும், கூலியும் பிடிக்கக்கூடாது. தினக்கூலிக்காரர்கிட்ட இதைச் சொன்னா சிரிப்பார், அது வேற விஷயம். தபால் ஓட்டு இங்க 65 வயசு, உடம்பு முடியாதவங்க, ஊர்ல இல்லாதவங்கன்னு சிலருக்குத்தான். 2021-ல வந்த புது சட்டத்துக்கு அப்புறம் 2022 பிரைமரில (கட்சிக்குள்ள கேண்டிடேட்டைத் தேர்ந்தெடுக்கற எலெக்‌ஷன்) எட்டு தபால் ஓட்டுல ஒண்ணு தள்ளுபடி ஆச்சு, கவர் மேல ஐடி நம்பர் எழுதற இடத்துல சறுக்கினவங்கதான் அதிகம். அதனால பெரியவங்களையும் முடிஞ்சா நேர்ல கூட்டிட்டுப் போங்க.

பேர் சேத்தா வீட்ல பேப்பர் இல்லாதவங்களைத் தேடி வந்துடுவாங்கன்னு பயப்படறாங்களே, அந்த பயம் நியாயமா?

அது அபத்தமான பயம்னு சொல்லி மழுப்பாதீங்க. ஃபார்ம்ல எழுதறவங்களைப் பத்தி மட்டும்தான் கேக்கறாங்க, வீட்ல வேற யார் இருக்காங்கன்னு கேள்வி கிடையாது, இதைக் காட்டிப் புரிய வைக்கலாம். ஆனா 2019 ஜனவரில டெக்ஸஸ் அரசு சிட்டிசனா இல்லாம இருக்கலாம்னு சுமார் 95,000 பேர் லிஸ்ட்டை வெளியிட்டுது. பாத்தா, லைசென்ஸ் எடுக்கும்போது கிரீன் கார்டுல இருந்துட்டு அப்புறம் முறையா சிட்டிசன் ஆனவங்க ஆயிரக்கணக்குல அதுல. கேஸ் போட்டாங்க, ஏப்ரல்ல அரசு அந்த உத்தரவை வாபஸ் வாங்குச்சு. வாபஸ் வாங்கின செய்தி யாருக்கும் போய்ச் சேரல, லிஸ்ட் வந்த செய்தி எல்லா வாட்ஸ்அப்லயும் ஓடுச்சு. எழுத வேண்டாம்னு ஒரு அம்மா முடிவு பண்ணினா நான் ஒரு தடவைக்கு மேல கேக்க மாட்டேன், அவங்க வீட்டு நிலைமை அவங்களுக்குத்தான் தெரியும்.

உண்மையைச் சொல்லுங்க, இவங்க வந்தா டெமாக்ரட்டுக்குத்தானே லாபம்? நீங்க அந்தக் கட்சிதானே?

என் ஓட்டு யாருக்குன்னு வீட்லயே சொல்றதில்ல. எங்க டீம் கட்சி சார்பில்லாதது, மேஜைல கேண்டிடேட் பேர் வந்தாலே எழுப்பி விட்டுடுவோம்.

அந்தக் கணக்கும் இப்ப ஓடல. ரியோ கிராண்டே ஓரத்துல ஸ்டார் கவுண்டின்னு இருக்கு, கிட்டத்தட்ட 97% ஹிஸ்பானிக். 2016-ல ஹிலாரிக்கு 79%. 2020-ல பைடன் 52%. 2024-ல ட்ரம்ப் ஜெயிச்சாரு, 1892-க்கு அப்புறம் அங்க ஒரு ரிபப்ளிகன் பிரசிடெண்ட் கேண்டிடேட் ஜெயிச்சது அதுதான் முதல் தடவை. நாடு முழுக்க பியூ கணக்குல 2024-ல ஹிஸ்பானிக் ஓட்டு கமலா ஹாரிஸுக்கு 51, ட்ரம்புக்கு 48. "இது நம்ம ஓட்டு"ன்னு எடுத்து வச்சுக்கிட்டு வீட்டுப் பக்கமே போகாம இருந்தா இப்படித்தான் ஆகும்.

"எவனையும் பிடிக்கல, போடாம இருக்கறதும் என் உரிமைதான்"னு ஒருத்தர் சொன்னா என்ன பதில் சொல்றது?

உரிமைதான்னு ஒத்துக்கோங்க, அதுல என்ன சந்தேகம். ஈஸ்ட் எண்ட்ல ஒரு டயர் கடைக்காரர் இதையேதான் சொன்னார். நான் பிரசிடெண்டைப் பத்திப் பேசவே இல்ல. ஹாரிஸ் கவுண்டி பேலட் நாட்டுலயே நீளமானதுல ஒண்ணு, ஜட்ஜ் மட்டுமே டஜன் கணக்குல, அதுபோக கான்ஸ்டபிள்னு கீழ வரைக்கும் போகும். வாடகை பாக்கின்னு வீட்டைக் காலி பண்ணச் சொல்ற கேஸ் எந்த ஜட்ஜ் முன்னாடி வரும்னு கேட்டேன். ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ்னு (சின்னக் கேஸ் பாக்கற லோக்கல் ஜட்ஜ்) அவரே சொன்னார், ஏற்கெனவே போய் நின்னிருக்கார். அவரையும் நாமதான் எலெக்ட் பண்றோம்னு சொன்னதும் கையில இருந்த ஸ்பேனரை வச்சுட்டார். 2022-ல லரேடோ பக்கம் டெமாக்ரட் பிரைமரில ஹென்றி குவெயாருக்கும் ஜெசிகா சிஸ்னேரோஸுக்கும் நடுவுல மறுஎண்ணிக்கைக்கு அப்புறம் 289 ஓட்டுதான் வித்தியாசம்னும் சொன்னேன், காங்கிரஸ் சீட்டுக்கு.

அன்னிக்கு அவர் எழுதல. ஃபார்மை நாலா மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டார், தபால்ல போட்டாலும் ஸ்டாம்ப் தேவையில்லன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.